கிணற்றுக்குள் என் எருவைப் பார்த்தவர்

பூமிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் உண்டு. எங்கள் ஊர் ரோஸ் பாய். பூமிக்கு மேலே நடக்கிறது மட்டும் அவருக்கு ஒன்றுமே தெரியாது.

சட்டைப் பொத்தானை ஒரு நாளும் சரியாகப் போட்டதில்லை. ஒரு பக்கக் காலர் காதைத் தொடும், இன்னொரு பக்கம் தோளுக்குக் கீழே தொங்கும். தலை குனிந்தே நடப்பார். ஒரு தடவை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர், தன் வீடு என்று நினைத்து நாலு வீடு தள்ளி டெய்லர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, "சோறு போடும்மா, பசிக்குது" என்றிருக்கிறார். டெய்லர் சம்சாரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டுவிட்டாள். பாதி சாப்பிட்ட பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாராம்.

"கொழம்பு இவ்ளோ நல்லா இருக்கும்போதே நினைச்சேன், இது நம்ம வூடு இல்லன்னு."

சொல்லிவிட்டு மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். போகும்போது அவர்கள் வீட்டுக் குடத்தில் தாளை முக்கிப் பார்க்கவும் மறக்கவில்லை.

அந்தத் தாளைப் பற்றிச் சொன்னால்தான் ஆளைப் பற்றிச் சொன்ன மாதிரி ஆகும்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. பாய் முப்பத்தஞ்சு வருஷம் தோல் கம்பெனியில் டிரம் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு ரூம் அளவுக்கு இருக்கிற மர டிரம்மில் தோலையும் மருந்துத் தண்ணியையும் போட்டுச் சுத்த விடுவார்களாம். மருந்து தோலுக்குள் முழுக்க இறங்கியதா என்று மேலே பார்த்தால் தெரியாதாம். ஓரத்தில் கத்தியால் அறுத்து, அறுத்த இடத்தில் ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டு, வருகிற நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டுமாம். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பழைய ஆட்கள் இன்னைக்கும் சொல்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகு அறுக்கத் தோல் இல்லை. கை சும்மா இருக்குமா? ஊரையே அறுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பூமியும் ஒரு தோலுதான் தங்கச்சி. மேல ஊத்தினது மேலயே நிக்குமா? இறங்கிக்கினே இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

வேலூரில் கலர் மீன் விற்கிற கடையில்தான் அந்தத் தாளை வாங்குவார். மீன் தொட்டித் தண்ணி கெட்டுவிட்டதா என்று பார்க்கிற தாள். விரல் நீளம் இருக்கும், அதில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒரே ஒரு கட்டம்தான் அவருக்கு வேணும். தண்ணியில் எருவின் உப்பு இறங்கியிருந்தால் அந்தக் கட்டம் ரோஸ் ஆகும். ஜாஸ்தி இறங்கியிருந்தால் ஜாஸ்தி ரோஸ். அந்த உப்புக்கு அவர் நைட்ரேட் என்று பேர் சொல்லுவார். எனக்கு அது எருவு உப்புதான்.

கடைக்காரப் பையன் ஒரு நாள் கேட்டானாம். "மாசம் ஒரு டப்பா வாங்குறீங்களே பாய், வூட்ல எத்தினி மீனு?"

"மீனே இல்ல. கெணறுங்கதான். நாப்பத்தி மூணு."

ஒரு தாளைக் கத்திரிக்கோலால் நீளவாக்கில் மூணாக நறுக்கி மூணு கிணற்றுக்கு வைத்துக்கொள்வார். முக்கி எடுத்து, வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி "ரோஸ்!" என்று கத்துவார். சந்தோஷத்தில் கத்துகிறாரா, வருத்தத்தில் கத்துகிறாரா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் சொந்தப் பேரும் அதோடு போயிற்று.

பள்ளிவாசல் தொட்டியில் முக்கினார். முடிவெட்டுகிறவர் கிண்ணத்தில் முக்கினார். பிரியாணிக் கடை அண்டாவில் முக்கப் போய் அடி வாங்கப் பார்த்தார். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச வைத்திருந்த தண்ணியிலும் முக்கிவிட்டார். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மன் தண்ணியே ரோஸா பாய் உனக்கு?"

"அம்மா இன்னா பண்ணுவா சாமி? பக்கத்துல கோழிப்பண்ணை வச்சது நீதானே?"

பூசாரி அன்றைக்குக் கூழை வேறு தண்ணியில் காய்ச்சினார். ஆனால் ஒரு வாரம் பாயோடு பேசவில்லை.

டீக்கடையில் அவர் பண்ணினதைச் சொல்ல வேண்டும். அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின் ஒன்றில் பாலாற்று மண்ணை ரொப்பி, மேலே மாட்டெருவைக் கொட்டி, கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டார். நாளுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊற்றுவார். கீழே ஒரு கண்ணாடி கிளாஸ். ஒரு மாசம் தொங்கியது. டீக்கடைக்காரர் அழாத குறை.

"வியாபாரம் பேஜாராப் போச்சு பாய். வர்றவன்லாம் டீன்னு சொல்லி அந்த டின்னுல வர்றதைக் குடுத்துடாதன்றான்."

ஒரு மாசம் கழித்து கிளாஸில் சொட்டின தண்ணியைப் பாய் தூக்கிக் காட்டினார். பஸ்ஸுக்கு நின்ற நானும் பார்த்தேன். துளி அழுக்கு இல்லை. வாசனை இல்லை. மழைத் தண்ணி மாதிரி பளபளவென்று இருந்தது. தாளை முக்கினார். செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். சாணி மண்ணிலேயே நின்றுவிட்டது, நிறம் நின்றுவிட்டது, நாத்தம் நின்றுவிட்டது. அந்த உப்பு மட்டும் யாருக்கும் தெரியாமல் நழுவி இறங்கி வந்திருக்கிறது. ஆனால் நான் என்ன நினைத்தேன்? அது டீக்கடை டின் சமாசாரம், நம் கிணற்றுக்கும் அதற்கும் என்ன என்று பஸ் ஏறிப் போய்விட்டேன்.

என்னிடம் நாலு மாடு. கிணற்றை ஒட்டி அரை ஏக்கர் கீரையும் வாழையும். எருக்குழியும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, எட்டிப் போட வசதியாக. மற்றவர்கள் ஒரு வண்டி எரு போடுகிற இடத்தில் நான் மூணு வண்டி போடுவேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மொத்தத்தையும் கொட்டிப் பரப்பிவிடுவேன், மழை நன்றாகக் கரைத்து உள்ளே இறக்கட்டும் என்று. என் சிறுகீரை கறுப்பு தட்டுகிற அளவுக்குப் பச்சையாக இருக்கும். வெளியாட்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத எனக்கு, பெருமையாகக் காட்ட அந்தக் கீரைதான் இருந்தது.

ஒரு நாள் பாய் வேலியைத் தாண்டி வந்து கீரையைப் பார்த்தார். நான் பசுவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தங்கச்சி, இந்தக் கீரைக்கு வாய் எவ்ளோ பெரிசு?"

நான் பசுவின் முதுகில் ஈயை விரட்டினேன்.

"பத்து பேர் சாப்பிடற பந்தியில நூறு பேர் சோத்தைக் கொட்டினா மிச்சம் எங்க போவும்? மழை வந்து வழிச்சிக்கினு கீழ போவும். கீழ இன்னா இருக்குது? உன் கெணறு."

தாளை முக்கினார். கத்துவார் என்று காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன். கத்தவில்லை. அந்தத் தாளையும் என்னையும் பார்த்தார். பசுவின் முதுகுக்கு மேலே என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். "ரோஸ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வராத குறை. என் எருவைக் குறை சொன்னால் என்னைக் குறை சொன்ன மாதிரி. மறுவாரம் அவர் வருகிற நேரம் பார்த்து மோட்டார் ஃப்யூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன், தண்ணி எடுக்க முடியாமல் போகட்டும் என்று. பாய் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலையும் நூல்கண்டையும் எடுத்துக் கிணற்றுக்குள் விட்டார். நான் ஃப்யூஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா என் வீட்டுப் பக்கத்து அறைக்குக் குடி வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. கையில் ஒண்ணரை மாசப் பெண் குழந்தை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாசத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். லீவு முடிந்துவிட்டது, வேலைக்குப் போயே ஆக வேண்டும். குழந்தைக்குப் பவுடர் பால்.

"அம்மா, பகல்ல மட்டும் பார்த்துக்குவீங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன். குழந்தையிடம் பேச எனக்குக் கூச்சம் கிடையாது.

ஊரில் தண்ணி சரியில்லை என்று பேச்சு வந்தால் கைகள் எல்லாம் ஒரே பக்கம் காட்டும். தோல் கம்பெனி. எங்கள் பக்கத்தில் வயிற்றுவலி வந்தாலும் தோல் கம்பெனி, தென்னை காய்க்காவிட்டாலும் தோல் கம்பெனி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் காய்ச்சுவது. ஒரு சொம்பு தண்ணியை அரைச் சொம்பாகச் சுண்டும் வரைக்கும் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அதில் பவுடரைக் கலந்து கொடுப்பேன். பெற்றவள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஐப்பசி மழை விட்டு கார்த்திகை பிறந்தது. குழந்தை சோர்ந்து சோர்ந்து தூங்கியது. பனிக்கு அப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஒரு காலையில் பாய் நூல்கண்டோடு வந்தவர், முற்றத்து அடுப்பில் தண்ணி தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா தங்கச்சி காய்ச்சற?"

"கொழந்தைக்கு" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"எந்தத் தண்ணி?"

நான் கிணற்றைக் காட்டினேன்.

"அல்லா! ரசம் சுண்டினா உப்பு கம்மியாவுமா? தண்ணிதான் போவும், உப்பு அப்படியே நிக்கும். நீ காய்ச்சக் காய்ச்ச ஜாஸ்திதான் ஆவும்!"

உள்ளே வந்துவிட்டார். தூளியை விலக்கினார். வாழ்க்கையில் பூமிக்கு மேலே எதையும் பார்க்காத மனிதர், அந்தக் குழந்தையின் உதட்டைப் பார்த்தார். கை நகத்தைப் பார்த்தார். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. தினமும் தூக்கி வைத்திருந்த நான் அதுவரைக்கும் அதைக் கவனிக்கவில்லை. கறுத்த குழந்தை, நிறம் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

"ஆட்டோ!" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கு மூணு ஆட்டோ வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. குழந்தையின் விரலில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக இல்லை, காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு எந்தத் தண்ணிம்மா?" என்று கேட்டார். பாய் சட்டைப் பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்தார். ஆட்டோ ஏறுகிற அவசரத்திலும் கிணற்றுத் தண்ணி பிடித்து வந்திருக்கிறார்! தாளை முக்கி நீட்டினார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். கோணல் பொத்தானைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க எங்க வேலை பார்க்குறீங்க?"

"தோல் கம்பெனிம்மா. ரிட்டயர்டு."

ஒரு ஊசி போட்டார்கள். மருந்து பேனா மை மாதிரி கருநீலம். நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீல மருந்தா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஸ்டெல்லா கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்து சேர்வதற்குள் உதட்டில் நிறம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த மாதிரி நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

விஷயம் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம். தோல் கம்பெனி தண்ணியால் குழந்தை சாகப் பார்த்தது, கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று வார்டு மெம்பர் எழுதியே கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் கையெழுத்து போட நின்றார்கள். பாய் எழுந்தார்.

"கம்பெனி இருக்கிறது ஆத்துல நமக்குக் கீழ. தண்ணி மேல ஏறி வருமா? கம்பெனி பண்ணினது நெறைய இருக்குது. எழுது, நானே சாட்சி சொல்றேன். என் கையப் பாரு, சுண்ணாம்புல வெந்த கை. ஆனா இது அது இல்ல. இது எருவு."

"எவ்ளோ குடுத்தான் கம்பெனிக்காரன் உனக்கு?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"முப்பத்தஞ்சு வருஷம் அவன் உப்பைத் தின்னாரு இல்ல?" என்றான் இன்னொருத்தன்.

சிரித்தார்கள். வார்டு மெம்பர் கையை ஆட்டி அடக்கினார். "எருவுன்னா யாரு எருவு பாய்? பேரைச் சொல்லு. சொன்னா இந்த மனுவைக் கிழிச்சிடறேன்."

பாய்க்குத் தெரியும். நாற்பத்து மூணு கிணற்றின் நிறமும் அவருக்கு மனப்பாடம். என் பேரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவர் மானம் திரும்பியிருக்கும். அவர் தரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனி ஆள், கைக்கூலி என்று காது கூசப் பேசினார்கள். பக்கத்திலேயே ஸ்டெல்லா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பொம்பளைகளுக்குப் பின்னால், கடைசியில்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. முந்தானை வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"என் எருவுதான்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுதான் ரொம்பக் கஷ்டம்.

"என் எருவுதான்! என் கெணறு, என் எருவு. நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். பாய் அப்பவே சொன்னாரு. நான் ஃப்யூஸைப் புடுங்கி இடுப்புல வச்சிக்கினேன்."

ஃப்யூஸ் எதற்கு என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஒவ்வொருத்தர் கண்ணும் தன் வீட்டு எருக்குழி எங்கே, கிணறு எங்கே என்று அளந்துகொண்டிருந்தது. பூசாரி முதல் ஆளாகக் கேட்டார். "பாய், என்னுது எந்த அளவுக்கு ரோஸு?" அவ்வளவுதான். இருபது பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். வார்டு மெம்பர் மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கும் ஆறு மாடு.

நான் ஸ்டெல்லாவைப் பார்க்க முடியாமல் நின்றேன். அறையைக் காலி பண்ணிவிடுவாள். பண்ணினாலும் தப்பில்லை. அவள் எழுந்து வந்தாள். குழந்தையை என் இடுப்பில் வைத்தாள்.

"புடிங்கம்மா. நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்டு. கேன் தண்ணி சொல்லிட்டேன், அதுல கலந்து குடுங்க."

மறுநாளே எருக்குழியை மூடினேன். தோட்டத்து மூலையில், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், சிமெண்டுத் தரை போட்டு மேலே தகரம் போட்டேன். மழைக்கு முன்னால் கொட்டுவதை விட்டேன். பயிர் கேட்கும்போது கேட்கிற அளவு, கூடை கூடையாக. மிச்சமானதை உறிஞ்சட்டும் என்று பாய் சொல்லி, கிணற்றைச் சுற்றி மாட்டுப்புல் நட்டேன். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. "பாரு, திருட்டுச் சோறு தின்னு எப்படிக் கொழுத்திருக்குது" என்பார்.

தாள் மட்டும் ரோஸிலேயே நின்றது. மாசா மாசம் பாய் வருவார், பாட்டிலை இறக்குவார், வெயிலில் பிடிப்பார். எனக்குப் பொறுக்காமல் ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், "இன்னும் எத்தினி நாளு பாய்?" என்று.

"எத்தினி வருஷமா இறக்கின நீ? அது ஏறி வர்றதுக்கும் அதுக்குன்னு நேரம் வேணாமா? தோலு அவசரப்பட்டா ஊறாது தங்கச்சி."

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. செம்பருத்தி நிறம் போய் ரோஜா, ரோஜா போய் வெங்காயத் தோல். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் வெளுத்தது. முதலில் பசுவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு பாட்டில் கட்டின நூலைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவர் எனக்குப் பூமியைப் பற்றிச் சொல்வார். எந்த மண் ஓட்டை வாளி, எந்த மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மழை உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்பும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு, காலுக்குக் கீழே இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறது என்று அவர்தான் காட்டினார். இப்போதும் தரையில் தண்ணி கொட்டும்போது ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.

போன மாசம் வந்தார். தாளை முக்கினார். வெயிலில் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். அந்தக் கண்ணைத் திறந்து இன்னொரு கண்ணை மூடினார். என்னிடம் கொடுத்தார். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. ஸ்டெல்லாவின் பெண் ஓடி வந்து தொட்டித் தண்ணியை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பாய் தடுக்கவில்லை.

"சுத்தம்" என்றார். "இனிமே எனக்கு இங்க வேலை இல்ல தங்கச்சி. வேற நாப்பத்தி ரெண்டு கெணறு பாக்கி இருக்குது."

நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு வேலியைத் தாண்டிப் போனார். குழந்தை குடிக்கிற தண்ணி, அப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். ஆனாலும் அந்தத் தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, இன்னும் ஒரு மாசத்துக்காவது இது லேசாக ரோஸாக இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.